சீனச் சிறுகதையின் தந்தை லூ சுன்

சிறுகதை மேனாட்டிலிருந்து வந்த வடிவம். அஃது ஒரு நாட்டின் சொந்த இலக்கியமாதல் எங்ஙனம் என்று மாணாக்கர் வினவுவதுண்டு. அவர்க்கு யான் எடுத்துக்கூறுவது சீன எழுத்தாளர் லூ சுன்னின் வாழ்க்கையையே.

லூ சுன் என்பது புனைபெயர். லூ என்பது அவர்தம் தாயாரின் குடிப்பெயர். 1881ஆம் ஆண்டு ஷாவ்சிங் நகரிலே கற்றோர் குடியொன்றிற் பிறந்தார். பாட்டனார் சிறைப்பட, தந்தையார் நோயில் வீழ்ந்தார். வீட்டுப் பொருள்களை அடகு வைத்து மருந்து வாங்கி வருதல் சிறுவரின் பணியாயிற்று. 1896இல் தந்தையார் இறந்தார். அத்துயரே அவரை மருத்துவங் கற்கத் தூண்டிற்று. 1902இல் யப்பான் சென்று, 1904இல் செண்டாய் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார்.

ஆங்கு வகுப்பிலே ஒரு படங் காட்டப்பெற்றது. உருசியருக்கு ஒற்றன் எனக் குற்றஞ்சாட்டிச் சீனன் ஒருவனை யப்பானியப் படையினர் கொல்ல நிற்கின்றனர். சூழ நின்ற சீனரோ உணர்வின்றி வேடிக்கை பார்க்கின்றனர். உடலினும் உள்ளத்திற்கே முதலில் மருந்து வேண்டுமெனத் துணிந்த லூ சுன், 1906இல் மருத்துவக் கல்வியைத் துறந்தார். 1909இல் தம்பியாருடன் சேர்ந்து அயல்நாட்டுச் சிறுகதைகளை மொழிபெயர்த்து வெளியிட்டார். வாங்கியோர் மிகச் சிலரே.

1918இல் 'புதிய இளைஞர்' இதழில் 'பித்தனின் நாட்குறிப்பு' வெளிவந்தது. தலைப்பை உருசிய ஆசிரியர் கோகலிடமிருந்து பெற்றார். உள்ளே நின்றதோ சீனமே. பழைய அறவுரைகளின் வரிகளுக்கிடையே, மனிதரை மனிதர் தின்னுங் கொடுமையைப் பித்தன் காண்கிறான். அக்கதையின் முன்னுரை பண்டை நூல்நடையிலும், நாட்குறிப்பு பேச்சையொட்டிய நடையிலும் அமைந்துள்ளன. பித்தந் தெளிந்து அவன் அரச உத்தியோகம் நாடிச் சென்றமையை நூல்நடை கூறுகின்றது. உண்மையைப் பேச்சுநடை கூறுகின்றது.

பழைமை அறியாதார் செய்த புதுமையன்று இது. அவர் பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர். சீனக் கதையிலக்கிய வரலாற்றைப் பல்கலைக்கழகத்திற் கற்பித்து நூலாக்கியவர். மரபைக் கற்றவரே மரபின் நோயையுங் கண்டார் என்பது பண்டிதராகிய எம்மனோர் நெஞ்சிற் கொள்ளத்தக்கது. 1921இல் தொடங்கி 1922இல் முற்றுப்பெற்ற 'ஆ கியூவின் உண்மைக் கதை', தோல்விகளையெல்லாம் மனத்தளவில் வெற்றியாக்கி மகிழும் ஏழைக் கூலியாளைப் படைத்துக் காட்டிற்று. சீனர் தம் முகத்தை அதிலே கண்டனர்.

1936 ஒக்டோபர் 19ஆம் நாள் ஷங்காய் நகரிலே அவர் மறைந்தார். நாட்டினத்தின் ஆன்மா எனப் பொருள்படும் எழுத்துப் பொறித்த துகிலை அவர் பேழைமீது போர்த்தினர். நாட்டின் புண்களை மறையாது எழுதியவர்க்கே அந்நாடு அப்பெயரை அளித்தது. வடிவம் எங்கிருந்து வரினும், தன் மக்களின் வாழ்வையும் மொழியையும் அஞ்சாது ஏற்கும் சிறுகதையே தேசிய இலக்கியமாகும்.