மலையேறிய புனிதர் பியர் ஜார்ஜோ பிரசாத்தி

வார இறுதி வந்துவிட்டால், எங்கே போகலாம் என்று நம் இளைஞர்கள் திட்டமிடத் தொடங்கிவிடுகிறார்கள். மலைக்கோ கடற்கரைக்கோ நண்பர்களோடு இரண்டு நாள் பயணம். அதைக் கேட்டதும் ஞாயிறு திருப்பலி என்னாகும் என்ற கவலைதான் வீட்டில் நமக்கு முதலில் வருகிறது. மலையா, திருப்பலியா, இரண்டில் ஒன்றுதான் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். இந்த இரண்டையும் பிரிக்காமல் வாழ்ந்த ஓர் இளைஞரைத் திருத்தந்தை பதினான்காம் லியோ 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் புனிதராக உயர்த்தினார். அவர் அருள்பணியாளர் அல்ல, துறவியும் அல்ல. 24 வயதில் இறந்துபோன பொறியியல் மாணவர். பெயர் பியர் ஜார்ஜோ பிரசாத்தி.

1901ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், புனித சனிக்கிழமையன்று, இத்தாலியின் தூரின் நகரில் பிறந்தார். தந்தை அல்பிரேதோ, 'லா ஸ்தம்பா' என்ற பெரிய நாளிதழின் உரிமையாளர். பின்னர் செனட் உறுப்பினரானார். 1920இல் ஜெர்மனி நாட்டுக்கான இத்தாலியத் தூதரானார். தாய் அதெலாயிதே ஓவியர். லூசியானா என்று ஒரே தங்கை. வசதிக்குக் குறைவில்லாத அந்த வீட்டில் பெற்றோருக்கிடையே ஒற்றுமை குறைவாக இருந்தது. தந்தைக்கு இறைநம்பிக்கையும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த மகன் நாள்தோறும் நற்கருணை வாங்குபவராக எப்படி ஆனார்? இலத்தீன் பாடத்தில் தோற்றுப்போய், இயேசு சபையினரின் பள்ளிக்கு மாற்றப்பட்டார். அங்குதான் அந்தப் பழக்கம் வேர்விட்டது. நம் பிள்ளைகள் ஒரு பாடத்தில் தோற்றால் எல்லாமே போய்விட்டதாகக் கலங்குகிறோம். இந்தப் பிள்ளையின் தோல்வியை இறைவன் வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டார்.

தூரின் நகரிலிருந்து பார்த்தால் ஆல்ப்ஸ் மலைத்தொடர் கண்ணெதிரே தெரியும். தாய்வழிக் குடும்பத்தின் வீடு இருந்த பொல்லோனே என்ற ஊரோ மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருக்கும் நாள்களில் விடியும் முன்பே எழுந்து, மேலேயுள்ள ஒரோப்பா அன்னை மரியா திருத்தலம்வரை நடந்துபோய்த் திருப்பலி கண்டு திரும்புவார். மலையும் செபமும் சிறுவயதிலேயே அவருக்கு ஒன்றாகிவிட்டன.

வளர்ந்தபின் இத்தாலிய ஆல்ப்ஸ் மலையேறுவோர் கழகத்திலும், 'இளம் மலை' என்ற பொருள்படும் பெயர்கொண்ட கத்தோலிக்க மலையேற்றச் சங்கத்திலும் உறுப்பினரானார். 3,841 மீட்டர் உயரமுள்ள மோன்விசோ, 3,969 மீட்டர் உயரமுள்ள கிரிவோலா போன்ற சிகரங்களில் ஏறினார். ஆனாலும் தனியாகச் சென்று பெயர் வாங்குவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. நண்பர்களைத் திரட்டுவார், அழைத்துச் செல்வார், வழியெல்லாம் சிரிக்கவைப்பார். சுருதி சேராத குரலில் உரக்கப் பாடுவார். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் என்றால் திருப்பலிக்கு வழி செய்துவிட்டுத்தான் கிளம்புவார். யாராவது களைத்துப்போனால், தனக்கே களைப்பு என்பதுபோல் காட்டி எல்லாரையும் நிற்கவைப்பாராம். பின்தங்கியவர் வெட்கப்படாமல் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?

1924ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், பியான் தெல்லா மூசா என்ற மலைச்சமவெளிக்குப் போன பயணத்தில் நண்பர்கள் சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அதற்கு வேடிக்கையாகப் 'போக்கிரிகள் சங்கம்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். ஆளுக்கொரு புனைபெயர், பியர் ஜார்ஜோவின் பெயர் ரோபெஸ்பியேர். கேலியான சுற்றறிக்கைகள் எழுதிக்கொண்டார்கள். ஆனால் அந்த நட்பைக் கட்டிவைத்த கயிறு ஒருவருக்காக ஒருவர் சொல்லும் செபம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இத்தனையும் ஞாயிற்றுக்கிழமையின் கதை. திங்கள் வந்ததும் அதே கால்கள் தூரின் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் இருண்ட மாடிப்படிகளை ஏறின. 1918இல், 17 வயதில், புனித வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்திருந்தார். நோயாளிகளுக்கு மருந்து, குழந்தைகளுக்குக் காலணி, வேலையிழந்தவருக்கு ஒரு வேலை என்று தேடித்தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பார். டிராம் வண்டிக்கு வைத்திருந்த காசையும் கொடுத்துவிட்டு, இரவு உணவு நேரத்துக்குள் வீடுசேர ஓடி வருவார். ஏன் தாமதம் என்று வீட்டில் கடிந்துகொள்வார்கள். அவர் காரணம் சொன்னதில்லை. சுரங்கத் தொழிலாளர்களோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே சுரங்கப் பொறியியல் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். 1922இல் தொமினிக்கன் பொதுநிலையினர் மூன்றாம் சபையில் சேர்ந்தார்.

அவருக்கும் சிலுவைகள் இருந்தன. தன் நண்பர் குழாமில் இருந்த ஒரு பெண்ணை அவர் நேசித்தார். வீட்டில் அதை ஏற்கமாட்டார்கள் என்று அறிந்திருந்தார். பெற்றோரின் திருமணமே முறிந்துவிடும் நிலையில் இருந்தபோது, தன் விருப்பத்தால் அது உடைந்துவிடக் கூடாது என்று அந்த அன்பை அப்பெண்ணிடம்கூடச் சொல்லாமல் விட்டுக்கொடுத்தார். அடுத்து, மகன் தன் நாளிதழில் பணியாற்ற வேண்டும் என்று தந்தை விரும்பினார். சுரங்கத் தொழிலாளர்கள் பற்றிய கனவையும் அவர் தந்தைக்காக இறக்கிவைத்தார். மலைமேல் அவ்வளவு சத்தமாகச் சிரித்த இளைஞர் உள்ளத்தில் இந்தப் பாரமும் இருந்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

1925ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் லான்சோ பள்ளத்தாக்கில் அவர் ஏறியதே கடைசி மலையேற்றம். பாறையைப் பற்றிக்கொண்டு மேல்நோக்கிப் பார்க்கும் அந்தப் புகைப்படத்தில், உயரே செல்வதைப் பற்றி இரண்டே சொற்களைத் தன் கையால் எழுதிவைத்தார். மாத இறுதியில் காய்ச்சலும் தலைவலியும் வந்தன. பாட்டி மரணப்படுக்கையில் இருந்ததால் வீட்டாரின் கவனமெல்லாம் அங்கே இருந்தது. இவருக்கு வந்திருந்தது போலியோ. ஏழை நோயாளிகளைச் சந்தித்தபோதே தொற்றியிருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினார்கள். மலையேறிய கால்கள் செயலிழந்தன. ஜூலை 3ஆம் நாள், முடங்கிக்கொண்டிருந்த கையால் தட்டுத்தடுமாறி ஒரு குறிப்பு எழுதினார். தன்னைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஓர் ஏழை நோயாளிக்குச் சேரவேண்டிய ஊசி மருந்தும், மற்றொருவருக்காகப் புதுப்பிக்க வேண்டிய அடகுச் சீட்டும்தான் அதில் இருந்தன. மறுநாள் ஜூலை 4 அன்று இறந்தார்.

அடக்கத் திருப்பலிக்கு நகரின் பெரிய மனிதர்கள் வருவார்கள் என்று குடும்பத்தினர் எதிர்பார்த்தார்கள். தெருவை நிறைத்து நின்றவர்களோ ஏழைகள். தங்கள் மகன் யார் என்று பெற்றோர் அன்றுதான் அறிந்தார்கள். தங்கள் படியேறி வந்தவர் எவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளை என்று ஏழைகளில் பலரும் அன்றுதான் அறிந்தார்கள்.

1990ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், தாமே மலைகளை நேசித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவரை அருளாளராக உயர்த்தினார். இத்தாலிய மலையேறுவோர் கழகம் 1996 முதல் இவர் பெயரில் நடைபாதைகளை அமைத்து வந்திருக்கிறது. இன்றும் இளைஞர்கள் அந்தப் பாதைகளில் செபித்துக்கொண்டே நடக்கிறார்கள்.

அன்புக்குரியவர்களே, நம் ஆண்டவர் இயேசுவும் மலைக்குச் சென்றார், தந்தையோடு தனித்திருந்தார், பிறகு கீழே காத்திருந்த மக்களிடம் இறங்கி வந்தார். பியர் ஜார்ஜோவும் அப்படித்தான் ஏறினார், இறங்கினார். ஆகவே நம் பிள்ளைகள் மலைக்குப் போவதைத் தடுக்க வேண்டியதில்லை. போகிற ஊரில் திருப்பலி எத்தனை மணிக்கு என்று முதலில் விசாரிக்கக் கற்றுக்கொடுப்போம். வழியில் பின்தங்குபவருக்காக நிற்கக் கற்றுக்கொடுப்போம். திரும்பி வந்தபின் யாருடைய படியை ஏறப்போகிறாய் என்று கேட்போம். பெற்றோரான நாமும் ஒன்றைச் சிந்திக்கலாம். பிள்ளைகள் நமக்குத் தெரியாமல் செய்யும் தவறுகளைத் துருவித்துருவித் தேடுகிறோம். நமக்குத் தெரியாமல் அவர்கள் செய்யும் நன்மைகளை ஒரு நாளாவது தேடியிருக்கிறோமா? அல்பிரேதோவும் அதெலாயிதேயும் மகனை இழந்த பிறகே அதைக் கண்டுகொண்டார்கள். நாம் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

ஜூலை 4ஆம் நாள் இப்புனிதரின் திருநாள். நம் பங்கு இளையோரை அன்று இவரிடம் ஒப்படைத்துச் செபிப்போம்.