காலண்டர் லட்சுமியை வரைந்தது யார்? கடனில் மூழ்கிய ஓர் அச்சகமும், ராஜா ரவிவர்மாவும்!

சேலம் மாவட்டம் தம்மம்பட்டி என்றதும் நினைவுக்கு வருவது மரச்சிற்பம்தான். வாகை மரத்தில் விநாயகர், லட்சுமி, நடராஜர் என்று உளி போட்டுச் செதுக்குகிற கைகள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. ஒரு கட்டைக்கு ஒரு சிலை. அதே அளவில் அடுத்த சிலை செய்தாலும், அது இன்னொரு சிலைதான். முகத்தில், விரலில், எங்கேயாவது ஒரு வித்தியாசம் வந்துவிடும். அதனால் விலையும் கூடுதல். எல்லோராலும் வாங்கிவிட முடியாது.

ஆனால் லட்சுமி படம் இல்லாத வீடு எத்தனை இருக்கும்? தாமரை மேல் நின்றபடி, நான்கு கைகளோடு, பக்கத்தில் மாலையுடன் யானை. மளிகைக் கடை காலண்டரில் தொடங்கி பஸ் டிரைவர் சீட்டுக்கு மேலே வரை அந்த உருவம் இருக்கிறது. இந்தத் தோற்றத்தை இந்தியா முழுக்கப் பரப்பியவர் ராஜா ரவிவர்மா. அதைப் பரப்புவதற்காக அவர் தொடங்கிய அச்சகம் கடைசியில் அவர் கையைவிட்டே போனது. என்ன நடந்தது?

யார் இந்த ரவிவர்மா?

1848 ஏப்ரல் 29-ம் தேதி, திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கிளிமானூரில் பிறந்தவர் ரவிவர்மா. திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு திருமண உறவு வைத்திருந்த குடும்பம் அது. தாய் உமையம்பா, கவிதை எழுதுபவர். தாய்மாமா ராஜராஜ வர்மா, தஞ்சாவூர் பாணியில் படம் வரைபவர். வீட்டுச் சுவரில் கரியால் கிறுக்கிய சிறுவனைத் திட்டாமல், முதல் பாடம் சொல்லிக் கொடுத்தவர் இந்த மாமாதான்.

14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போகிறார். அப்போது மன்னர் ஆயில்யம் திருநாள். ஓவியத்தில் ஆர்வம் உள்ளவர் என்பதால் பையனுக்கு அங்கேயே தங்க இடம் கிடைக்கிறது. ஆனால் கற்றுக்கொள்வது அவ்வளவு சுலபமாக இல்லை.

தொழில் ரகசியம்... கற்றுக்கொடுக்க ஆளில்லை!

அந்தக் காலத்தில் ஆயில் பெயின்ட் இந்தியாவுக்குப் புதுசு. அரண்மனையில் அது தெரிந்தவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயுடு. வாட்டர் கலர் வரை சொல்லிக் கொடுத்தவர், எண்ணெய் வண்ணத்தின் சூட்சுமத்தைச் சொல்லத் தயங்கினார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை, குருவுக்குத் தெரியாமல் ரவிவர்மாவுக்கு உதவினார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர், மன்னர் குடும்பத்தை வரைய வந்தார். அவரும் பாடம் நடத்தவில்லை. வேண்டுமானால் நான் வரைவதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற அளவில் அனுமதி தந்தார். ரவிவர்மாவுக்கு அது போதுமாக இருந்தது. எண்ணெயை எப்படிக் கலக்குவது, எது காய எவ்வளவு நேரம் ஆகும், தோலின் நிறத்தை எப்படிக் கொண்டுவருவது என்பதையெல்லாம் பார்த்தும், தானாகச் செய்து கெடுத்தும், மறுபடி செய்தும் கற்றுக்கொண்டார்.

1873-ல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்கு முதல் பரிசு. அதே ஓவியம் வியன்னா கண்காட்சிக்கும் போய் அங்கீகாரம் பெற்றது. அடுத்த ஆண்டு சென்னையில் பரிசு பெற்றது, ஸ்வரபத் என்ற நரம்பு வாத்தியத்தை வாசிக்கும் தமிழ்ப் பெண்ணின் ஓவியம். 1876-ல் சகுந்தலை காதல் கடிதம் எழுதும் ஓவியத்தை, சென்னை மாகாண கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபு வாங்கிக்கொண்டார். 30 வயதை எட்டும் முன்பே ரவிவர்மா பெரிய பெயர் ஆகிவிட்டார்.

ஒரு கும்பகோணத்துக்காரரின் யோசனை

கதையின் திருப்பம் இங்கேதான். கும்பகோணத்தில் பிறந்த டி.மாதவ ராவ், திருவிதாங்கூரில் திவானாக இருந்து, பிறகு இந்தூர், பரோடா சமஸ்தானங்களிலும் திவான் பதவி வகித்தவர். பரோடா அரண்மனைக்கு ரவிவர்மாவை அறிமுகம் செய்துவைத்தவரும் அவர்தான்.

ரவிவர்மாவிடம் ஓவியம் கேட்டு எல்லாத் திசைகளில் இருந்தும் ஆர்டர்கள் வந்தன. ஒரு மனிதர், இரண்டு கை. எத்தனை வரைய முடியும்? 1880-களின் நடுவில் மாதவ ராவ் ஒரு யோசனை சொன்னார். தேர்ந்தெடுத்த சில ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி, அச்சுப் பிரதி எடுக்கலாம். புகழும் பரவும், நாட்டுக்கும் பயன் என்பது அவர் வாதம்.

யோசனை உடனே செயலாகவில்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் 14 புராண ஓவியங்கள் கேட்டிருந்தார். அதற்காக ரவிவர்மாவும் தம்பி சி.ராஜராஜ வர்மாவும் வட இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். ஊருக்கு ஊர் உடை மாறும் நாட்டில், சீதையும் தமயந்தியும் என்ன உடுத்தியிருப்பார்கள்? பயணத்தின் முடிவில் ரவிவர்மா தேர்ந்தெடுத்தது புடவை. இன்றைக்குச் சாமி படங்களில் அது நமக்கு இயல்பாகத் தெரிகிறது. அன்று அது ஒரு ஓவியர் யோசித்து எடுத்த முடிவு.

அந்த 14 ஓவியங்களையும் பரோடாவுக்குப் போகும் முன் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது, கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். அரண்மனைச் சுவருக்குள் போகப் போகிற படங்களைப் பார்க்க இவ்வளவு பேர் என்றால், வீட்டுக்கு வாங்கிப் போக எத்தனை பேர் இருப்பார்கள்?

அமெரிக்காவில் ஒரே பிரதி... இங்கே ஆயிரக்கணக்கில்!

இதே காலத்தில் அமெரிக்க ஓவியர்கள் அச்சு இயந்திரத்தை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதன் பெயர் மோனோடைப். வழவழப்பான உலோகத் தகட்டில் மையாலோ பெயின்ட்டாலோ நேராகப் படம் வரைய வேண்டும். காய்வதற்குள் மேலே ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்தால், படம் காகிதத்துக்கு வந்துவிடும். தகட்டில் எந்தக் கோடும் வெட்டப்படுவதில்லை என்பதால் நல்ல பிரதி ஒன்றுதான். இரண்டாவது எடுத்தால் மங்கலான நிழல்தான் மிஞ்சும்.

1880 வாக்கில் இத்தாலியில் தங்கியிருந்த ஃபிராங்க் டுவெனெக்கும் அவருடைய மாணவர்களும் மாலை நேரப் பொழுதுபோக்காக இதைச் செய்தார்கள். வில்லியம் மெரிட் சேஸ், மாரிஸ் பிரெண்டர்காஸ்ட் போன்றவர்கள் இதைத் தீவிரமான கலையாக எடுத்துக்கொண்டார்கள். எந்திரம் ஊர் முழுக்கப் பிரதிகளைக் கொட்டிய காலத்தில், அதே எந்திரத்தில் ஒரே ஒரு பிரதி எடுப்பதுதான் அங்கே கலையாக இருந்தது.

1893-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி. விவேகானந்தர் பேசிய சர்வ சமய மாநாடு நடந்தது அதன் பகுதியாகத்தான். அங்கே ரவிவர்மாவின் 10 ஓவியங்கள் போய், இரண்டு விருதுகள் வாங்கின. ஆனால் அச்சு விஷயத்தில் அவர் எடுத்தது நேர் எதிர் பாதை. 1894-ல் மும்பையில், கோவர்தன்தாஸ் மக்கன்ஜி என்ற வணிகரைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டு, ரவிவர்மா லித்தோ அச்சகத்தைத் தொடங்கினார். இயந்திரங்களும் தொழில்நுட்ப ஆட்களும் ஜெர்மனியில் இருந்து வந்தார்கள்.

ஓலியோகிராஃப்: எப்படி வேலை செய்தது?

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. லித்தோ அச்சின் மொத்த ரகசியமும் இதுதான்.

* வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின் மேல், எண்ணெய்ப் பசை உள்ள மையால் படம் வரைவார்கள்.
* கல்லை ஈரமாக்கினால், வரையாத இடம் மட்டும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.
* மேலே அச்சு மையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும்.
* காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் ரெடி.

கலர் படம் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். ஒரு லட்சுமி படத்துக்கு நிறையக் கற்கள் தேவைப்படும். ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரு இம்மிகூட விலகாமல் அச்சடிக்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்தால் அம்மனின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். கடைசியில் வார்னிஷ் பூசி, பார்க்க எண்ணெய் ஓவியம் போலவே ஆக்கினால், அதுதான் ஓலியோகிராஃப்.

இந்தியாவில் சாமி படம் அச்சடித்த முதல் ஆள் ரவிவர்மா இல்லை. கல்கத்தாவிலும் புனேயிலும் 1870-களிலேயே இப்படியான அச்சகங்கள் வந்துவிட்டன. ஆனால் ரவிவர்மா படங்களில் இருந்த உயிரோட்டம் வேறு. சகுந்தலையின் பிறப்பு முதலில் அச்சானது. லட்சுமி, சரஸ்வதி படங்கள் வீட்டுக்கு வீடு போயின. ஆற்றங்கரையில் வீணையோடு அமர்ந்திருக்கும் சரஸ்வதியை இன்றும் ஆயுத பூஜை அன்று பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்த சாமி

இதில் வெறும் வியாபாரம் மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் பெரிய கோயில்களுக்குள் நுழைய எல்லோருக்கும் அனுமதி கிடையாது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936-ல். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939-ல். ரவிவர்மா அச்சகம் தொடங்கியது அதற்கெல்லாம் 40 ஆண்டுகளுக்கும் முன்பு.

கருவறையைத் தூரத்தில் இருந்துகூடப் பார்க்க முடியாதவர்கள், அதே தெய்வத்தின் முகத்தைத் தங்கள் வீட்டுச் சுவரில் பார்த்தார்கள். யார் வாங்குகிறார் என்று அச்சுப் படம் கேட்காது. ரவிவர்மா சாதியை எதிர்க்க அச்சகம் தொடங்கினார் என்று சொல்ல முடியாது. அவர் அரச குடும்பத்து மனிதர், மன்னர்களுக்கு வரைந்தவர். ஆனால் அவர் போட்ட மை, அவர் நினைத்த இடத்தைத் தாண்டிப் போனது.

எல்லோர் வீட்டிலும் படம், அச்சகத்தில் நஷ்டம்

படம் ஓடியது. பணம் நிற்கவில்லை. வெளிநாட்டு இயந்திரம், வெளிநாட்டு ஆட்களின் சம்பளம், கல், மை என்று செலவு ஏறியது. பங்குதாரரோடு கூட்டு முறிந்து, பாரம் முழுக்க அண்ணன் தம்பி தலையில் விழுந்தது. 1896-ல் மும்பையில் பிளேக் நோய் பரவியது. தொழிலாளர்கள் ஊரைக் காலி செய்தார்கள். அச்சகம் லோனாவாலா அருகே மலவ்லிக்கு மாறியது. அங்கேயும் கடன் விடவில்லை.

அச்சகத்தைக் காப்பாற்ற ரவிவர்மா ஊர் ஊராகப் போய் உருவப்படங்கள் வரைந்தார். கணக்கு வழக்கு, கடிதம், பேரம் எல்லாம் தம்பி பார்த்துக்கொண்டார். கடைசியில், 1900-களின் தொடக்கத்தில், அங்கேயே வேலை செய்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடம் அச்சகம் விற்கப்பட்டது. படங்களை அச்சிடும் உரிமையும் சேர்ந்தே போனது. அதன் பிறகு ரவிவர்மா பெயரில் லட்சுமி எத்தனை அச்சானாலும், லாபம் ரவிவர்மாவுக்கு இல்லை.

1904-ல் ஆங்கிலேய அரசு கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் தந்தது. அந்த ஆவணத்தில் வந்த ராஜா பட்டம்தான் பெயரோடு நிலைத்தது. எந்த நாட்டையும் அவர் ஆண்டதில்லை. 1905 ஜனவரியில் தம்பி இறந்தார். கூடவே நின்று வரைந்து, பயணம் செய்து, டைரி எழுதிய துணை போனது. சர்க்கரை நோய் முற்றியிருந்த நிலையில், 1906 அக்டோபர் 2-ம் தேதி கிளிமானூரில் ரவிவர்மா காலமானார். வயது 58.

விமர்சனம் என்ன?

அவர் கண்மூடிய காலத்திலேயே எதிர்க்குரலும் எழுந்தது. சகோதரி நிவேதிதாவும், கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியும் கடுமையாக விமர்சித்தார்கள். ஐரோப்பிய பாணியில் புராணத்தை நாடக மேடைக் காட்சி போல ஆக்கிவிட்டார், இந்திய மரபின் ஆழம் இதில் இல்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இன்று இன்னொரு கேள்வியும் கேட்கப்படுகிறது. தேவிகள் ஏன் எப்போதும் சிவந்த நிறத்தில், நகை போட்ட மேல்தட்டுப் பெண்கள் மாதிரியே இருக்கிறார்கள்? அவர் படங்கள் எங்கும் பரவியதால், அழகு பற்றிய அவருடைய கணிப்பும் சேர்ந்தே பரவியது. நியாயமான கேள்விதான்.

பிறகு என்ன ஆனது?

ரவிவர்மா அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவர், பிறகு அசையும் படத்தில் புராணம் சொன்னார். 1913-ல் ராஜா ஹரிச்சந்திரா எடுத்த தாதா சாகேப் பால்கே. தமிழ்நாட்டில் அந்த மரபைக் கையில் எடுத்தவர் கோவில்பட்டியின் சி.கொண்டையராஜு. அவரும் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி நாடெங்கும் போயின. மலவ்லி அச்சகம் 1972-ல் தீ விபத்தில் அழிந்தது.

ரவிவர்மாவின் அசல் ஓவியங்கள் இன்று தேசியக் கலைப் பொக்கிஷம். நாட்டைவிட்டு வெளியே விற்க முடியாது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் சில ஓவியங்களைப் பார்க்கலாம். ஆனால் அவரைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தம்மம்பட்டி சிற்பியின் லட்சுமியை வாங்க முடியாத வீட்டிலும், வாங்கிய வீட்டிலும், சுவரில் ஒரு காலண்டர் தொங்கும். ஒரு மூலையில் கடைப் பெயரும் போன் நம்பரும் இருக்கும். வரைந்தவர் பெயர் மட்டும் இருக்காது.