கார்மேல் துறவி ஜாக் அடிகளார்

குழந்தை தெரேசம்மாளை நம்மில் அறியாதவர் இல்லை. அப்புனிதையின் பெயரைத் தாங்கிய ஒரு பிரெஞ்சுப் பள்ளியில், இரண்டாம் உலகப் போரின்போது மூன்று யூதச் சிறுவர்கள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தனர். ஒளித்து வைத்தவர் பள்ளியின் அதிபர், ஜாக் அடிகளார்.

இவரது இயற்பெயர் லூசியன் புனெல். 1900 ஜனவரி 29 அன்று நார்மண்டியிலுள்ள பாரந்தேன் ஊரில், நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். 1925-இல் குருப்பட்டம் பெற்று, சில ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தார். செபத்தையும் மௌனத்தையும் நாடி 1931-இல் கார்மேல் சபையில் சேர்ந்தார். ஆனால் அமைதி தேடிப் போனவரையே சபை 1934-இல், பாரிஸுக்கு அருகிலுள்ள ஆவோனில் ஆண்பிள்ளைகளுக்கென விடுதிப் பள்ளி தொடங்க அனுப்பியது.

1940-இல் பிரான்ஸ் ஜெர்மானியரிடம் வீழ்ந்தது. யூதராய்ப் பிறந்ததே குற்றமாயிற்று. 1942 ஜூலையில் பாரிஸ் பகுதியில் இரண்டே நாட்களில் ஏறக்குறைய 13,000 யூதர்கள் பிடிக்கப்பட்டனர். அவர்களில் 4,000-க்கு மேற்பட்டோர் பிள்ளைகள். பிடித்தவர்கள் பிரெஞ்சுப் போலீசாரே என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1943 தொடக்கத்தில் அடிகளார் அம்மூவரையும் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். ஹான்ஸ் ஹெல்முட் மிஷேல், ஜான் பொனே ஆனான். ஜாக் ஹால்பெர்ன், ஜாக் துய்ப்ரே ஆனான். மோரிஸ் ஷ்லோசர், மோரிஸ் சபத்தியே ஆனான். லூசியன் வெய்ல் என்ற யூதத் தாவரவியல் அறிஞருக்கும் அங்கே ஆசிரியர் வேலை தந்தார்.

பிறர் பெற்ற பிள்ளைகள் நிறைந்த விடுதியில் இப்படிச் செய்யலாமா என்று அன்றே சிலர் கேட்டனர். அது வீண் கேள்வியன்று. பெற்றோர் எவரும் கேட்கக் கூடியதே. தாம் கொல்லப்பட நேர்ந்தாலும், தம் பாடங்களைவிட அந்த முன்மாதிரியே மாணவர்களுக்குப் பெரிதாய் இருக்கும் என்பது அடிகளாரின் எண்ணம்.

மேல் வகுப்பு மாணவர்களுக்கு அச்சிறுவர்கள் யாரென்று தெரிந்திருந்தது. ஒரு வீட்டுச் சேதி பொழுது விடியுமுன் தெருக்கோடி வரை போய்விடும் ஊர்களில் வாழும் நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கைதுக்கு முன்னும் சரி, பின்னும் சரி, அப்பிள்ளைகளில் ஒருவனும் வாய் திறக்கவில்லை.

எனினும் எப்படியோ துப்புக் கிடைத்து, 1944 ஜனவரி 15 அன்று கெஸ்டாப்போ இரகசியப் போலீசார் பள்ளிக்குள் நுழைந்தனர். மூன்று சிறுவர்களும் வகுப்புகளிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டனர். அடிகளாரும் கைதானார். முற்றத்தில் நின்ற மாணவர்களிடம், மீண்டும் சந்திப்போம் என்று விடைபெற்றுச் சென்றார். பார்த்து நின்றவர்களில் பதினொரு வயது லூயி மால் ஒருவர். பின்னாளில் இயக்குநரான அவர், 1987-இல் இதைத் திரைப்படமாக்கினார். சினிமாவைப் பரிந்துரைப்பது நம் வழக்கமன்று; இதற்கு மட்டும் விலக்கு அளிக்கலாம்.

பிப்ரவரி 3 அன்று சிறுவர்கள் மூவரும், வெய்லும் அவருடைய தாயும் சகோதரியும் ஆஷ்விட்ஸுக்கு இரயிலில் அனுப்பப்பட்டனர். எவரும் திரும்பவில்லை.

அடிகளார் பல முகாம்களுக்கு மாற்றப்பட்டு, இறுதியில் ஆஸ்திரியாவிலுள்ள மௌத்ஹௌசனையும் அதன் கிளையான கூசெனையும் அடைந்தார். அங்கே ரொட்டித் துண்டுக்காக மனிதர் அடித்துக்கொண்டனர். இவரோ தம் பங்கைப் பகிர்ந்து கொடுத்தார். போலந்துக் கைதிகளின் பாவசங்கீர்த்தனம் கேட்பதற்காக அவர்கள் மொழியையும் ஓரளவு கற்றார். கடவுளை நம்பாத கம்யூனிஸ்டுத் தோழர்களும் அவரை மதித்தனர்.

1945 மே மாதம் அமெரிக்கப் படையினர் முகாமை விடுவித்தபோது, காசநோயால் மெலிந்து அவர் எடை 34 கிலோவாகக் குறைந்திருந்தது. ஜூன் 2 அன்று லின்ஸ் நகர மருத்துவமனையில் இறையடி சேர்ந்தார். உடல் ஆவோனுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. சிறுவர் மூவருக்கும் கல்லறை இல்லை.

1985-இல் எருசலேமின் யாத் வாஷெம் நினைவகம் அவரை உலக நாடுகளின் நீதிமான்களுள் ஒருவராகப் பதிவு செய்தது. 1990-இல் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்துவதற்கான விசாரணையைத் திருச்சபை தொடங்கியது.