கைவிளக்கு மட்டும்தானா? தன் மருத்துவமனையில் நடந்த மரணங்களையே கணக்கெடுத்த புளோரன்ஸ் நைட்டிங்கேல்!

ஒவ்வொரு வருஷமும் மே 12 வந்தா உலகம் முழுக்க செவிலியர் தினம். அன்னைக்கு எல்லா இடத்திலும் அதே படம்தான் வரும். ராத்திரி நேரம், வரிசையாகப் படுத்திருக்கும் சிப்பாய்கள், நடுவில் கையில் விளக்கோடு ஒரு பெண். ‘கைவிளக்கேந்திய காரிகை’ என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த புளோரன்ஸ் நைட்டிங்கேல்.

ஆனா, அந்த விளக்கை அவர் ஏந்திய காலம் இரண்டு வருஷம்கூட இல்லை. அதன் பிறகு பல பத்தாண்டுகள் அவர் கையில் இருந்தது பேனாவும் மரணக் கணக்குப் பட்டியல்களும்தான். ஒரு மருத்துவமனை நல்லா நடக்குதா இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்று உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கும் இந்தக் கேள்வியை, தன் சொந்த மருத்துவமனையை வைத்தே கேட்டவர் அவர்.

யார் இந்த நைட்டிங்கேல்?

1820 மே 12 அன்று இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். ஊர்ப் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள். சின்ன வயதிலேயே கணக்கு என்றால் உயிர். செவிலியர் ஆகணும் என்று சொன்னபோது வீட்டில் கடும் எதிர்ப்பு. அந்தக் காலத்தில் அது மரியாதையான வேலையாகப் பார்க்கப்படவில்லை. பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி எடுத்தார். 1853-ல் லண்டனில் ஒரு சிறிய மருத்துவமனையின் பொறுப்பு அவரிடம் வந்தது.

ஸ்கூட்டாரியில் என்ன நடந்தது?

ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரில் காயமடைந்த பிரிட்டிஷ் வீரர்கள், கருங்கடலைத் தாண்டி ஸ்கூட்டாரிக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். இன்றைய இஸ்தான்புல்லின் ஒரு பகுதி அது. அங்கே ஒரு பெரிய படைக் குடியிருப்பையே மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். 1854 நவம்பர் 4 அன்று 38 செவிலியர்களோடு நைட்டிங்கேல் அங்கு போய்ச் சேர்ந்தார்.

படுக்கை இல்லை, துணி இல்லை, சோப்பு இல்லை. நைட்டிங்கேல் சமையலறையைச் சரிசெய்தார், சலவைக்கு ஏற்பாடு செய்தார், பொருட்களை வாங்கிக் குவித்தார். ராத்திரி விளக்கோடு சுற்றிவந்ததும் இந்த நாட்களில்தான்.

ஆனா மரணம் குறையவில்லை. அந்தக் குளிர்காலத்தில் கூடிக்கொண்டே போனது. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 42 சதவீதம் பேர் இறந்தார்கள்.

மார்ச் மாதம் லண்டனிலிருந்து ஒரு சுகாதார ஆணையம் வந்தது. மருத்துவர் ஜான் சதர்லேண்ட், பொறியாளர் ராபர்ட் ராலின்சன் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்து நின்றது. குடிநீர் வரும் வழியில் செத்த விலங்கு கிடந்தது. சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்று வர வழி திறந்து, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜூன் மாதத்துக்குள் மரண விகிதம் 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது.

கணக்கு சொன்ன கசப்பான உண்மை

1856-ல் நாடு திரும்பியபோது அவர் தேசிய நாயகி. வீரர்கள் ரொம்பத் தாமதமாக, பட்டினியோடு கொண்டுவரப்பட்டதால்தான் இறந்தார்கள் என்பதே அதுவரை அவர் எண்ணம் என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இங்கிலாந்தின் பிறப்பு, இறப்புப் பதிவுத் துறையில் புள்ளியியல் நிபுணராக இருந்த வில்லியம் ஃபாரோடு உட்கார்ந்து எண்களைப் பிரித்துப் பார்த்தபோது கதை மாறியது. போர்முனைக்குப் பக்கத்து முகாம்களில் வசதி இல்லாமல் கிடந்தவர்களைவிட, ஸ்கூட்டாரிக்கு வந்தவர்கள் அதிகமாக இறந்திருந்தார்கள். அன்பாகப் பார்த்துக்கொண்டார்கள், உண்மை. ஆனா கட்டடமே ஆளைக் கொன்றுகொண்டிருந்தது.

மொத்தப் போரிலும் சண்டையிலும் காயத்தாலும் இறந்த பிரிட்டிஷ் வீரர்கள் 5,000-க்கும் குறைவு. நோயால் இறந்தவர்கள் 16,000-க்கும் மேல்.

இந்த இடத்தில் அவர் பேசாமல் இருந்திருக்கலாம். புகழ் அப்படியே இருந்திருக்கும். அவரோ எல்லாவற்றையும் 1858-ல் பெரிய அறிக்கையாக அச்சிட்டு, முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களுக்கு அனுப்பினார்.

எண்களைப் படமாக்கியது ஏன்?

அட்டவணையை யார் படிப்பார்கள்? அதனால் வட்டத்தை 12 மாதங்களுக்கு 12 துண்டுகளாகப் பிரித்து ஒரு படம் வரைந்தார். தடுத்திருக்கக்கூடிய நோயால் வந்த மரணத்துக்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்ற காரணங்களுக்குக் கறுப்பு. நீலம்தான் படத்தை நிறைத்திருந்தது. அமைச்சருக்கும் ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

போர் இல்லாத நாட்களிலும், உள்நாட்டுப் படைக் குடியிருப்புகளில் இருந்த இளம் வீரர்கள் அதே வயதுப் பொதுமக்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக இறக்கிறார்கள் என்பதையும் காட்டினார். அதே 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அந்தச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான்.

எண்ணுவதிலும் சிக்கல் இருக்கு

அடுத்து மருத்துவமனைகள் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு விதமாகக் கணக்கு எழுதினால் எதை எதோடு ஒப்பிடுவது? எல்லோருக்கும் ஒரே மாதிரிப் படிவம் வேண்டும் என்று 1860-ல் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டில் திட்டம் வைத்தார். சில லண்டன் மருத்துவமனைகள் முயற்சி செய்தன. நிரப்புவது கஷ்டமாக இருந்ததால் அது நிலைக்கவில்லை.

அவர் சறுக்கிய இடமும் உண்டு. 1863-ல் வெளியான அவருடைய நூலின் புதிய பதிப்பில், 24 லண்டன் மருத்துவமனைகளின் மரண விகிதம் 90 சதவீதத்துக்கும் மேல் என்று ஃபார் தயாரித்த கணக்கு இடம்பெற்றது. ஒரு வருஷ மரணங்களை, ஒரே ஒரு நாளில் படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்த கணக்கு அது. மருத்துவர்கள் கொதித்தார்கள். பெரிய மருத்துவமனைக்கு மோசமான நோயாளிகள்தானே அதிகம் வருவார்கள், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மருத்துவமனைகளை ஒப்பிடும்போது இன்றைக்கும் முதலில் எழும் கேள்வி இதுதான்.

தான் தொடங்கிய வார்டையே மூடினார்

போர்க்காலத்தில் மக்கள் கொடுத்த நன்கொடையில் உருவானது நைட்டிங்கேல் நிதி. அதைக் கொண்டு 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி வந்தது. அதே நிதியில், கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு உதவியாளர்களுக்குப் பயிற்சி தர ஒரு பிரசவ வார்டும் தொடங்கப்பட்டது.

அங்கே தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள். 1,000 பிரசவத்துக்கு 30-க்கும் மேற்பட்ட மரணங்கள். நாடு முழுக்கப் பார்த்தால் அந்த எண் 5-ஐ ஒட்டித்தான் இருந்தது. 1867-ல் வார்டு மூடப்பட்டது.

அதோடு விடவில்லை. பல நாட்டு மருத்துவமனைகளின் கணக்கைச் சேகரித்து 1871-ல் புத்தகமாக்கினார். வீட்டில் பிள்ளை பெறும் ஏழைப் பெண்ணைவிட, மருத்துவமனைக்கு வரும் பெண்ணுக்கே ஆபத்து அதிகம் என்று அந்த எண்கள் காட்டின. கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று நீண்ட காலம் நம்பியவர் அவர். கிருமிக் கொள்கையை ஏற்கத் தயங்கினார். காரணத்தைத் தவறாக நினைத்திருந்தும், எண்கள் அவரைச் சரியான இடத்துக்குக் கூட்டிப்போயின.

இந்தியாவோடு என்ன தொடர்பு?

இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் இங்கிருந்த படையின் சுகாதாரம் குறித்து 1859-ல் அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்காக, சென்னை மாகாணம் உட்பட இங்குள்ள படை முகாம்களுக்குக் கேள்விப் பட்டியல் தயாரித்து அனுப்பினார். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்பது போன்ற கேள்விகள். பதில்களைப் படித்து ஆணையத்துக்குக் குறிப்புகள் எழுதினார். போர்க்காலக் காய்ச்சலின் பாதிப்பால் பல வருஷம் படுக்கையிலேயே இருந்தவர் செய்த வேலை இது.

கடைசி வரை

1910 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில், 90 வயதில் காலமானார்.

இன்று அறுவை சிகிச்சைக்குப் பிறகான தொற்று எத்தனை, பிரசவ மரணம் எத்தனை என்று மருத்துவமனைகள் கணக்கு வைக்கின்றன. அந்தக் கணக்கு மோசமாக வந்தால் மறைக்கத்தான் யாருக்கும் தோன்றும். மோசமான கணக்கு வந்தபோது நைட்டிங்கேல் அதை அச்சிட்டு வெளியே கொடுத்தார். ஸ்கூட்டாரியில் இறந்துபோனவர்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. அடுத்து படுக்கைக்கு வந்தவர்களுக்கு இருந்தது.