நேரத்தைத் தராசில் எடை போட்டவர்

தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம் என்று நம் வளாகத்துப் பிள்ளைகள் ஒப்பிப்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தூரத்தை அளக்க ஒரு டேப் போதும். நேரத்துக்குக் கைபேசியைத் தட்டினால் நொடியில் நூறில் ஒரு பங்குவரை காட்டுகிறது. கடிகாரமே ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் முன்பின் ஓடிய காலத்தில், உருளும் பந்தின் கணக்கைக் கண்டுபிடித்தவர் கலிலியோ. அவரைப் பற்றித்தான் இம்முறை.

1564-இல் இத்தாலியின் பைசா நகரில் பிறந்தார். அப்பா இசைக்கலைஞர், பெயர் இருந்தது, பணம் இல்லை. மகன் டாக்டரானால் குடும்பம் நிமிரும் என்று மருத்துவம் படிக்க அனுப்பினார். பையனுக்கோ கணக்கில்தான் மனம். 1585-இல் பட்டம் வாங்காமலே வெளியே வந்துவிட்டார். (இந்தக் கதை நடக்காத வீடு உண்டா?) நான்கு ஆண்டு கழித்து அதே பல்கலைக்கழகத்தில் கணித ஆசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் ஆண்டுக்கு 60 ஸ்குடோ, சொற்பம்தான். 1591-இல் அப்பா இறந்ததும் தங்கைகளின் சீதனப் பொறுப்பு மூத்தவர் தலையில் விழுந்தது. பங்கு தருவதாகச் சொன்ன தம்பி பிற்பாடு கையை விரித்தார். 1592-இல் பதுவா பல்கலைக்கழகத்துக்கு மாறி 18 ஆண்டுகள் இருந்தார். மாணவர்களை வீட்டில் தங்கவைத்தும், கணக்கிடும் கருவி செய்து விற்றும் கடனைச் சமாளித்தார். பந்து உருட்டியதும் இந்த நெருக்கடிக்கு நடுவில்தான்.

கனமான பொருள் வேகமாக விழும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதை அதுவரை பெரும்பாலோர் நம்பினார்கள். பைசா கோபுரத்திலிருந்து குண்டுகளைப் போட்டுக் கலிலியோ அதைப் பொய்யாக்கினார் என்பது அவருடைய சீடர் எழுதிய கதை. நடந்ததா என்று வரலாற்று ஆசிரியர்கள் பலர் சந்தேகப்படுகிறார்கள். எனக்கு அதைவிடப் பலகைதான் பிடிக்கிறது.

நேராக விழும் பொருள் கண் இமைப்பதற்குள் தரையில் இருக்கும்; அளக்க முடியாது. ஆகவே சுமார் 7 மீட்டர் நீளப் பலகையில் காடி வெட்டி, உள்ளே வழவழப்பான தோல் ஒட்டி, சற்றே சாய்த்து வைத்தார். அதில் வெண்கல உருண்டையை விட்டால் மெதுவாக உருளும். நேரத்துக்கு என்ன செய்வது? ஒரு பெரிய பாத்திரத்தின் அடியில் மெல்லிய குழாய் வைத்தார். உருண்டை கிளம்பும்போது தண்ணீரைத் திறந்து, வந்து சேர்ந்ததும் அடைத்தார். பிடித்த தண்ணீரைத் தராசில் நிறுத்தார். இரண்டு மடங்கு எடை என்றால் இரண்டு மடங்கு நேரம்! இப்படி நூறு தடவை செய்தார்.

கிடைத்த விடை இது. பலகையின் கால் பங்கைக் கடக்க, முழுப் பலகைக்கு ஆகும் நேரத்தில் பாதி ஆனது. நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. நேரம் மூன்று மடங்கானால் தூரம் ஒன்பது மடங்கு.

வங்கிக்காரன் புத்திக்கு இது ஆர்.டி. கணக்காகத் தெரிகிறது. மாதம் 100 ரூபாய் கட்டினால் இருப்பு 100, 200, 300 என்று ஒரே சீராக ஏறும். அதுதான் வேகம். மாதாமாதம் உள்ள இருப்பையெல்லாம் கூட்டினால் வருவது தூரம். மாதங்கள் இரட்டித்தால் அந்தக் கூட்டுத்தொகை ஏறக்குறைய நான்கு மடங்காகும். பேரப்பிள்ளைகளோடு போட்டுப் பாருங்கள்.

1609-இல் தொலைநோக்கியை வானத்தில் திருப்பியதும், வியாழனின் நிலவுகளைக் கண்டதும் உங்களுக்குத் தெரிந்தவை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு ஆதரவாக 1632-இல் புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டு ரோமில் விசாரணை. 69 வயதில் மண்டியிட்டு, அந்தக் கருத்தைக் கைவிடுவதாகச் சொல்ல வைத்தார்கள். புத்தகத்துக்குத் தடை, அவருக்கு ஆயுள் முழுவதும் வீட்டுக்காவல். பக்கத்து மடத்தில் கன்னியாஸ்திரியாக இருந்த மகள் மரியா செலஸ்தே கடிதங்களாலேயே அப்பாவைத் தாங்கினாள். அவள் எழுதியவற்றில் 124 இன்றும் இருக்கின்றன. 1634-இல், 33 வயதில் அவளும் போய்விட்டாள்.

அந்தத் துக்கத்தில் கலிலியோ பழைய பலகைக் கணக்குக்குத் திரும்பினார். பதுவாவில் கண்டதையெல்லாம் ஒழுங்குபடுத்தி எழுதினார். இத்தாலியில் அச்சிட வழியில்லாததால் கையெழுத்துப் பிரதி எல்லை தாண்டிப் போய், 1638-இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் அச்சானது. புத்தகம் வந்தபோது அவருக்குப் பார்வை முற்றிலும் போயிருந்தது.

1641-இல் இன்னொரு யோசனை. ஆடும் ஊசல் கிட்டத்தட்ட ஒரே சீரான நேரம் எடுப்பதை இளமையிலேயே கவனித்தவர், அதைக் கடிகாரத்தில் பூட்டலாம் என்று மகன் வின்சென்சோவிடம் விளக்கினார். படம் வரைந்தார்கள், வேலை முடியவில்லை. 1642 ஜனவரி 8 அன்று காலமானார். ஊசல் கடிகாரத்தை 1656-இல் செய்து காட்டியவர் ஹாலந்தைச் சேர்ந்த ஹைகன்ஸ். கால் மணி நேரமாக இருந்த பிழை, அதன்பின் நாளைக்கு ஒரு நிமிடத்துக்குள் வந்தது.