கஹாலின் தீர்ப்பு

சித்திரந் தீட்டுவது வீண்வேலையென்று தந்தையாராற் கண்டிக்கப்பட்ட சிறுவனொருவனே, பிற்காலத்தில் மூளையின் நுண்வடிவத்தை உலகுக்கு வரைந்து காட்டினான். சந்தியாகோ ராமோன் இ கஹால் 1852 ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்து மலைக்கிராமமொன்றிலே பிறந்தார். வைத்தியரான தந்தையார் அடங்காத மைந்தனை நாவிதரிடத்தும் செருப்புத் தைப்பவரிடத்தும் தொழில் பழகவிட்டார். பின்னர் இடுகாட்டில் எலும்பு பொறுக்கி உடற்கூறு கற்பித்தார். எலும்பை வரைவதற்குத் தடையிருக்கவில்லை. தந்தையும் மகனும் சமாதானமானது அவ்விடத்திலேதான் என எண்ணுகின்றேன்.

கியூபாவில் இராணுவ வைத்தியராயிருந்து மலேரியாவுடன் மீண்ட கதையை இங்கு விரிக்கவில்லை. 1887 இல் மத்ரித் நகரிலே, இத்தாலியரான கொல்கி கண்ட முறைப்படி வெள்ளி உப்பினாற் கறையூட்டிய மூளைத்துண்டொன்றை அவர் கண்டார். அம்முறையிற் பல கலங்களுள் மிகச் சிலவே கருமையடையும். அடர்ந்த காட்டிலே ஒரு மரத்தை மட்டும் வேரும் கிளையுமாகக் காண்பது போன்றது அது. நரம்புக்கலங்கள் ஒரே வலையாகப் பிணைந்தவையல்ல, தனித்தனியானவை என 1888 முதல் கஹால் எழுதினார். 1906 இல் நோபெல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது; கொல்கியோ தமது பரிசுரையிலேயே அக்கொள்கையை மறுத்துரைத்தார்!

கஹாலை நான் போற்றுவது இதற்காக மட்டுமன்று. வளர்ந்தோர் மூளையில் அழிந்தது மீளாதென்று தீர்ப்பெழுதியவரும் அவரே. அக்கொடிய தீர்ப்பை மாற்றுவது வருங்கால விஞ்ஞானத்தின் பொறுப்பென்று உடனெழுதியவரும் அவரே. பின்வந்தோர் முதற்பாதியை வேதவாக்காக்கி மறுபாதியை மறந்தனர். அவருடைய மாணாக்கர் தெல்லோ, முயலின் மூளையிலே கால்நரம்புத் துண்டை ஒட்டவைத்து, மூளையின் இழைகள் அதனுள் வளர்வதை 1911 இல் காட்டியிருந்தார். வாயில் அன்றே சற்றுத் திறந்திருந்தது.

கஹால் 1934 இல் காலமானார். 1960களில் அல்ட்மன், வளர்ந்த எலியின் மூளையிற் புதிய நரம்புக்கலங்கள் தோன்றுவதைக் கண்டார், பலர் பொருட்படுத்தவில்லை. பல்வகைக் கலங்களைத் தோற்றுவிக்கவல்ல மூலக்கலங்கள் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலும் உண்டென்பது 1992 இல் வெளிவந்தது. 2018 இல் யப்பானின் கியோத்தோ வைத்தியர்கள், கொடையாளரின் கலங்களை மூலக்கலங்களாக்கி, அவற்றிலிருந்து வளர்த்த இளங்கலங்களைப் பார்க்கின்சன் நோயாளரின் மூளையிற் பதிக்கத் தொடங்கினர். எழுவர் அச்சிகிச்சை பெற்றனர். பாரிய தீங்கு நேரவில்லையென்றும், சிலரிடத்து இயக்கக் குறைபாடு ஓரளவு தணிந்ததென்றும் 2025 இல் அறிவித்தனர்.

பாரிசவாதத்தாற் சிதைந்த மூளையைச் செப்பனிடுவதோ இதனினும் அரிது. அங்கு ஒருவகைக் கலத்தை ஈடுசெய்தாற் போதாது. கஹால் வரைந்த அந்நெடும் பாதைகளைப் புதிய கலங்கள் தாமே தேடிச் சென்று இணைத்தல் வேண்டும்.