கல்லில் எழுதிய பத்திரிகை

கொம்பனித்தெருவில் வேகந்த ஜும்ஆப் பள்ளிவாசலைக் கடந்துதான் நான் தினமும் கல்லூரிக்கு வருகிறேன். அது 1786 இல் மலாய் மக்களால் அமைக்கப்பட்டது. அச்சமூகம் இன்றும் பெருமையுடன் நினைவுகூரும் ஒருவர் பாபா யூனுஸ் சல்தீன். பத்திரிகையாளரான அன்னாரின் வரலாற்றை அறிந்தபின், எங்கள் தெருவையே நான் புதிதாகப் பார்க்கத் தொடங்கினேன்.

அவருடைய பாட்டனார், இன்று இந்தோனேசியாவுக்குரிய மதுரா தீவின் சுமெனெப்பிலிருந்து வந்தவர். இலங்கையில் மலாயர் பலர் படைவீரர்களாக இருந்தனர். பாசறையிலும் அவர்கள் கதைகளையும் பாடல்களையும் அழகிய கையெழுத்தில் பிரதி செய்து வைத்தார்கள். அரபெழுத்தில் எழுதிய அந்த மலாயை இங்கு 'குண்டுல்' என்பர். உயிர்க்குறிகள் இல்லாததால் 'மொட்டை' என்று பொருள்.

1869 இல் சல்தீன் 'அலாமத் லங்காபுரி' என்னும் மலாய்ப் பத்திரிகையைக் கொழும்பில் தொடங்கினார். சிங்கப்பூரின் 'ஜாவி பெரனாக்கான்' வெளிவந்தது அதற்கு ஏழு ஆண்டுகளின் பின்னரே.

ஈய எழுத்துக் கோத்து அச்சிடும் காலம் அது. ஆனால் அரபெழுத்து சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் உருமாறும், ஒன்றோடொன்று இணையும். அதற்கு ஏராளமான அச்செழுத்துகள் வேண்டும், செலவும் மிகும். சல்தீன் கல்லச்சைக் கையாண்டார். சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுத்து பதியும். கல்லை நனைத்து மை பூசினால் எழுத்தில் மட்டும் மை ஒட்டும். இதற்கு வேண்டியது கல்லும் நல்ல எழுத்தாளரின் கையுமே. அந்தக் கை மலாய் மக்களிடம் ஏற்கனவே இருந்தது. ஜெர்மனியில் பிறந்த தொழில்நுட்பம் எமது ஊரில் இவ்வாறு வேரூன்றியது.

1873 இல் மலாய்ப் படைப்பிரிவு கலைக்கப்பட்டது. வாசகர்கள் சிதறினர். சல்தீன் சோர்ந்துவிடவில்லை. 1895 இல் 'வாஜா சேலோங்' என்ற மற்றொரு பத்திரிகையைத் தொடங்கினார். 1905 இல் தம் குடும்ப வரலாற்றைச் செய்யுளாகப் பாடினார்.

இன்று குண்டுல் வாசிப்போர் மிகச் சிலரே. இதை எழுதும்போது என் மூத்தும்மாவின் அரபுத்தமிழ்க் கிதாபு நினைவுக்கு வந்தது. அவர் அதைத் தடங்கலின்றி ஓதுவார். குர்ஆன் ஓதத் தெரிந்த எனக்கோ அதில் ஒரு வரி கூட ஓடவில்லை. தமிழ் ஒலிகளுக்காகச் சேர்த்த எழுத்துகளை நான் கற்கவில்லை. சகோதரிகளே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படியொரு கிதாபு இருக்கக்கூடும். இந்த விடுமுறையில் நான் மூத்தும்மாவிடம் அமர்ந்து ஓதக் கற்கப் போகிறேன்.